பின்சுவர்

2002 ஏப்ரல் 29, திங்கள்

இன்றைக்கும் மழை. எழுத வேறு என்ன இருக்கிறது?

காலை உடைத்துக்கொண்டு அவிசாவளை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வந்தேன். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. ஜூலை வரைக்கும் காலைத் தரையில் ஊன்றக்கூடாதாம். விடியக்காலம் பெண்சாதி தெரேசா தோட்டத்தில் வேலை பிரிக்கிற பிரட்டுக்குப் போய்விடுகிறாள், மகள் அனோஜா பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறாள். பிறகு நானும் இந்த ஒற்றை அறைக் காம்பராவும்தான். கபூர் நானா தன் ஹாட்வெயார் கடையில் வருசப்பிறப்புக்குக் கொடுத்த டயறி சும்மா கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் சீமெந்து மூட்டைப் படம். சீமெந்து வாங்க வக்கில்லாதவனுக்குச் சீமெந்து டயறி. அதிலாவது எழுதுவோம்.

விழுந்த கதையை ஊரே சொல்லிச் சிரித்துவிட்டது, நானும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். கூரைத் தகரத்தில் ஆணி ஓட்டைகளை அடைக்க மிச்சத் தாரை எடுத்துக்கொண்டு ஏறினேன். தகரம் வழுக்கியது. முன்வாசல் தண்ணிக் காண் ஓரத்துக் கல்லில் விழுந்து முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிற்று. பக்கத்துக் காம்பரா அழகம்மா ஓடி வந்தாள். "ஐயோ அண்ணே, தார்ச் சட்டி உருளுதே" என்றாள். முதலில் சட்டியைப் பிடித்தாள், பிறகுதான் என்னை.

கட்டிலைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். வேறெங்கே போடுவது? ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் அலுமாரி, முன்னால் கதவும் ஒரு சின்ன ஜன்னலும். படுத்தால் அந்த ஜன்னல் என் தலைக்குப் பின்னால் போய்விடுகிறது. பின்சுவரில் ஜன்னல் இந்தத் தோட்டத்து லயத்து வரிசையில் எந்தக் காம்பராவுக்கும் கிடையாது. வெள்ளைக்காரன் கட்டும்போதே அப்படித்தான். இவன்கள் வெளியே எட்டிப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்திருப்பான்.

ஆக, நான் பார்ப்பது என் கறுப்புச் சுவரை மட்டும். நானே செய்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.

மே 1, புதன்

மே தினம். லயமே லொறியில் ஏறி அவிசாவளைக் கூட்டத்துக்குப் போய்விட்டது. தெரேசாவும் போனாள். "போகாட்டி சங்கத் தலைவர் மொறைச்சுப் பாப்பாருங்க" என்றாள். அனோஜா என்னோடு இருந்தாள். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள், பிறகு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து படித்தாள். இழுப்பு இல்லை. நெஞ்சில் சத்தம் இல்லை. சுவரைக் கறுப்பாக்கிய நாளிலிருந்தே இல்லை.

விரலால் சுவரைத் தட்டிப் பார்த்தேன். டொக் என்றது. காய்ந்த சத்தம்.

மே 4, சனி

இந்தச் சுவர் எப்படி வந்தது என்று எழுதி வைக்கிறேன்.

எங்கள் காம்பராவுக்குப் பின்னால் மண்திட்டு. சுவருக்கும் திட்டுக்கும் நடுவில் ஒரு காண் இருந்ததாம். திட்டு சரிந்து சரிந்து காண் மூடி, இப்போது மண் சுவரில் இடுப்பளவுக்கு ஏறிச் சாய்ந்திருக்கிறது. மழை பெய்தால் திட்டுத் தண்ணி முழுவதும் சுவருக்குள் இறங்கும். சுவர் என்ன, கல்லும் களிமண்ணும், மேலே சுண்ணாம்பு. உள்ளே கசிந்து, அடியில் வழிந்து, தரையில் ஓடும். எல்லாக் காம்பராவிலும் தரையில் ஒரு வாய்க்கால் கீறி வைத்திருக்கிறோம், தண்ணி முன்வாசல் வழியாகப் போவதற்கு. வீட்டுக்குள்ளே ஆறு ஓடுகிற சனம் நாங்கள்தான். சுவரெல்லாம் பூஞ்சணம். அந்தப் பூஞ்சணத்தில்தான் அனோஜாவுக்கு இழுப்பு வந்தது என்று டிஸ்பென்சரி ஐயா சொன்னார்.

காணை வெட்டித் தாங்க என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்தது. மண்திட்டில் யாரும் மண்வெட்டி வைக்கக்கூடாது, சரிந்துவிடும், அது தோட்டத்து வேலை என்றார்கள். தோட்டமும் வைக்கவில்லை.

மாசியில் ரப்பர் மரங்களுக்குப் பாவாடை கட்டுகிற கேங்கில் நான் இருந்தேன். மழைத்தண்ணி பட்டையில் வழிந்து வந்து பால் வெட்டுற இடத்தை நனைத்தால் பால் கெட்டுப்போகும். அதனால் வெட்டுக்கு மேலே தார் பூசி, பொலித்தீனைக் கொசுவிக் கொசுவி மரத்தைச் சுற்றி ஒட்டுவோம். தண்ணி அதன்மேல் வழிந்து வெளியே சொட்டும், வெட்டு காய்ந்தே இருக்கும். மரம் ஒன்றுவிடாமல் கட்டினோம். கட்டிக்கொண்டே யோசித்தேன், மரத்துக்கு இருக்கிற யோகம் என் மகளுக்கு இல்லையே என்று. அப்புறம் என்ன? கொஞ்சம் பொலித்தீன், ஒரு சட்டி தார். யார் கொடுத்தார்கள் என்று டயறியில் எழுத மாட்டேன்.

வெயில் காலம், சுவர் காய்ந்திருந்தது. தரையிலிருந்து கழுத்தளவுக்குத் தார் பூசிப் பொலித்தீனை இழுத்து ஒட்டினேன். அடி விளிம்பைத் தாராலேயே மெழுகினேன். சித்திரை மழை வந்தது. ஒரு சொட்டு இல்லை. லயமே வந்து பார்த்தது. வாய்க்காலை மண் போட்டு மூடினேன். தெரேசா அந்த இடத்தில் சாணி மெழுகிவிட்டு அப்படியே உட்கார்ந்து கொஞ்ச நேரம் தரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மே 7, செவ்வாய்

மழை. கட்டுக்குள்ளே அரிக்கிறது. ஈர்க்கு விட்டுச் சொறிந்தேன்.

மே 11, சனி

மாதா வணக்க மாதம். காம்பரா காம்பராவாகச் சொரூபம் வருகிறது. இன்றைக்கு எங்கள் முறை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் முறை வந்தால் தெரேசா முகம் வாடும். ஈரத் தரையில் யாரை உட்காரச் சொல்வது? இஸ்தோப்பிலேயே செபமாலை சொல்லி முடித்துவிடுவார்கள். இன்றைக்கு எல்லோரையும் உள்ளே கூப்பிட்டாள். பாய் விரித்தாள். பதினைந்து இருபது பேர் நெருக்கி உட்கார்ந்து சொன்னார்கள். நான் கட்டிலில் கிடந்தபடி பாதி முறை பதில் சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டேனாம்.

எல்லோரும் போன பிறகு, "அருளப்பன் செஞ்ச காரியத்துல இது ஒண்ணுதான் உருப்படினு எல்லாரும் சொன்னாங்க" என்றாள். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

மே 12, ஞாயிறு

பூசைக்கு எல்லோரும் போயிருந்த நேரம் அழகம்மா ரொட்டி கொண்டுவந்து தந்தாள். அவள் சைவ சமயம், ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை இல்லை. அவள் காம்பராவுக்கும் இதே சுவர்தான், நீண்டு போகிறது. தார் பூசித் தரவா என்று கேட்டபோது, நாற்றம் பிடிக்காது என்று வேண்டாமென்றவள்.

"எங்க வாய்க்கால்ல நேத்து முழுக்கத் தண்ணி ஓடுச்சு அண்ணே. ஒங்களுக்கு யோகந்தான்."

அவள் போய்விட்டாள். அந்தப் பேச்சு போகவில்லை. ஒரே திட்டு, ஒரே மழை, ஒரே சுவர். அவள் வீட்டில் ஓடுகிற தண்ணி என் வீட்டில் எங்கே போகிறது?

கையை வைத்து அழுத்தினேன். கட்டிலுக்கு நேராக, இடுப்பு உயரத்தில், பொலித்தீன் உள்ளே போய் வெளியே வந்தது. மெதுவாக. கன்றுக்குட்டி வயிற்றில் கை வைத்த மாதிரி. தட்டிப் பார்த்தேன். தொப் என்றது.

சும்மா. காற்று புகுந்திருக்கும்.

மே 15, புதன்

காற்று இல்லை.

உத்திரக் கட்டையிலிருந்து ஒரு நூலில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடச் சொன்னேன். அனோஜா அலுமாரிமேல் ஏறிக் கட்டினாள். எதற்கு என்று கேட்டாள், விளையாட்டுக்கு என்றேன். திங்கட்கிழமை நூலுக்கும் சுவருக்கும் நடுவில் என் கை போயிற்று. இன்றைக்கு விரல்தான் போகிறது. நூல் அசையாது. அசைந்தது சுவர்.

இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தெரேசாவிடம் சொன்னேன். அவள் நூலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"படுத்தே கெடக்கிறவங்களுக்கு எல்லாமே அசையிற மாதிரிதாங்க இருக்கும்."

"கைய வச்சுப் பாரு."

"காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு மழையில நனைஞ்சுட்டு வாறேன். வீட்டுக்குள்ள ஒரு எடம் காஞ்சு கெடக்கு. அதையும் இடிஞ்சு போவும்னு சொன்னா எங்கதாங்க போறது?"

நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதமாட்டேன். அனோஜா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மே 16, வியாழன்

தெரேசா முகம் பார்க்காமல் சோற்றை வைத்துவிட்டுப் போனாள்.

மே 17, வெள்ளி

கிளினிக். நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் ரோட்டு வரைக்கும் தூக்கினார்கள், அங்கிருந்து லொறி. மாவுக்கட்டுக்குள்ளிருந்து ஒரு நாற்றம் வந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியும், சொல்லவில்லை. டொக்டர் மூக்கைச் சுளித்தார். வீட்டுக்கு வந்த அன்றைக்கு மழையில் நனைந்து, நான் ஈர்க்கு விட்டுச் சொறிந்த இடம் உள்ளே புண்ணாகி, ஈரம் வெளியேற வழியில்லாமல் ஊறிக் கிடக்கிறதாம். வெளியே பார்த்தால் கட்டு கல்லு மாதிரி நல்லாத்தான் இருந்தது.

கட்டைக் கழற்றுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. புண்ணுக்கு நேராக ஒரு சின்னச் சதுரம் மட்டும் வெட்டி எடுத்தார். ஜன்னல் வைக்கிறோம் என்றார் சிரித்துக்கொண்டு. மருந்து கட்டிய ஆள் சிங்களத்தில் திட்டினான். "ஹுலங் யன்ட ஓனே மல்லி, ஹுலங்!" காற்று போகணும் தம்பி, காற்று. மூடி வைத்தால் காய்ந்துவிடும் என்று யார் சொன்னது என்று கேட்டான்.

லொறியில் திரும்பி வரும் வழியெல்லாம் ரப்பர் மரங்கள். பாவாடை கட்டி நிற்கின்றன. எல்லாப் பாவாடையும் மரத்துக்கு வெளியே இருக்கிறது. அட முட்டாளே. வெளியே. தண்ணி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம். நான் மரத்தின் உள்ளே கட்டியவன்.

மே 18, சனி

"தெரேசா, அந்தப் பொலித்தீன வெட்டணும்" என்றேன்.

தெரேசா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் விளக்கிச் சொன்னேன். திட்டுத் தண்ணி பின்னாலிருந்து வருகிறது, நான் முன்னால் மூடிவிட்டேன், சுவருக்குள் நின்று களிமண்ணைக் கரைக்கிறது. முன்பு கசிந்தது, ஓடியது, சுவர் நின்றது. அழகம்மா சுவர் இப்போதும் நிற்கிறது. என் காலில் ஜன்னல் வெட்டினதைப் போலத்தான், ஒரு ஓரம் வெட்டிவிட்டால் வடிந்துவிடும் என்றேன்.

"வெட்டுனா?"

"தண்ணி வரும்."

"உள்ளுக்கா?"

நான் நூலைப் பார்த்தேன்.

"ரெண்டு வருசமா இவ நெஞ்சு சத்தத்தக் கேட்டுக்கிட்டே முழிச்சிருந்தது நானுங்க. நீங்க தூங்குவீங்க. நான் இவள நிமித்தி வச்சு முதுகத் தடவிக்கிட்டு விடியிற வரைக்கும் உக்காந்திருப்பேன். இப்பதான் பிள்ள மூச்சு விடுது. திரும்பி ஈரத்தக் கொண்டாரச் சொல்றீங்க. நூலு சொல்லுதுனு."

அவள் சொல்வதும் சரி. அதுதான் தாங்க முடியவில்லை. வெட்டினால் பிள்ளைக்கு மூச்சு முட்டும். வெட்டாவிட்டால் சுவர் வரும். எழுந்து பின்னால் போய் அந்த மண்ணை நானே அள்ளித் தள்ளியிருப்பேன், இந்தக் கால் மட்டும் இருந்திருந்தால். இருந்தால் என்ன, வெட்டவும் விடமாட்டான்கள்.

மே 20, திங்கள்

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ரெஜினோல்ட் வந்தார். நான்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றார்.

"ஐயா, சுவர் தள்ளுது. பின்காண வெட்டித் தரணும். இல்லாட்டி எங்கள வேற காம்பராவுக்கு மாத்தணும்."

"வேற காம்பரா எங்க இருக்கு? எஸ்டிமேட் எழுதி அனுப்பியிருக்கு. வரட்டும்."

"எப்ப வரும்?"

அவர் கண் கறுப்புச் சுவருக்குப் போனது. நகத்தால் பொலித்தீனைச் சுரண்டினார். "இது நம்ம மரத்துப் பொலித்தீன்தானே, அருளப்பா? தாரும் நம்ம தார்தான். தொரைக்குச் சொல்லவா, சுவர் ஏன் கறுத்திருக்குனு?"

சுவரைக் காட்டிப் புகார் சொன்னால் திருட்டு தெரியும். திருட்டை மறைத்தால் சுவரைக் காட்ட முடியாது. அவர் சிரித்தார். திட்டில் யாராவது மண்வெட்டி வைத்தால் அவர்கள் வேலையை நிறுத்திவிடுவோம், ஞாபகம் வச்சுக்க என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நின்ற இடத்தில் இரண்டு சேற்றுக் கால் தடம். காய்ந்த தரையில் அதுதான் அழுக்கு.

மே 23, வியாழன்

விடாத மழை. வேலை இல்லை. நட்டு சுவரில் முட்டிவிட்டது. நூல் இனி எதற்கு?

பயமா இருக்கு. எழுதிட்டேன். வேற யார்கிட்ட சொல்றது? தூங்குறதுக்குக் கண்ண மூடுனா சுவரு மேல வந்து உக்காருது. எந்திரிச்சு ஓட முடியாது. ஒரு எட்டு நகர முடியாது. என்னோட கையாலயே எனக்குச் சவப்பெட்டி செஞ்சு அதுக்குத் தாரும் பூசி... மாதாவே.

அனோஜாவை மட்டுமாவது நகர்த்தினேன். "அழகம்மா தனியா இருக்கா, புருசன் எம்பிலிப்பிட்டிய போயிருக்கான், தொணைக்குப் போய்ப் படு" என்றேன். பிள்ளை சந்தோசமாகப் போனாள். தெரேசா ஏன் என்று கேட்கவில்லை. என் கால்மாட்டில் அவள் எப்போதும் படுக்கிற இடத்தில் பாயை விரித்தாள். "நீயும் போ" என்றேன். "ஒங்களுக்கு ராத்திரி ஒண்ணுக்குப் போக யாரு சட்டி எடுத்துக் குடுக்கிறது?" என்றாள். அவ்வளவுதான்.

மே 24, வெள்ளி

காலையில் தெரேசா டிஸ்பென்சரிக்கு என் மருந்துக்குப் போனாள். அழகம்மாவைக் கூப்பிட்டு, கூரை இறப்பில் சொருகியிருந்த என் பால் வெட்டுற கத்தியை எடுத்துத் தரச் சொன்னேன். அவள் பயந்தாள். "என்னத்துக்கு அண்ணே? ஒண்ணும் செஞ்சுக்க மாட்டீங்களே?" தொண்டையில் வெட்ட மாட்டேன், சுவரில்தான் வெட்டப்போகிறேன் என்றேன். அதற்கு இன்னும் பயந்தாள். ஆனால் கொடுத்தாள்.

இருபத்திரண்டு வருசமாக மரத்தில் வெட்டுகிறேன். கைக்கு வேறு வழி தெரியாது. உருண்டு திரும்பி, இடமிருந்து வலமாக இறக்கிச் சரிவாக ஒரு கோடு இழுத்தேன். கோட்டின் அடியில் ஒரு தகரத் துண்டைச் சொருகினேன், பால் சிரட்டைக்குள் வடிகிற மாதிரி. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. காப்பி நிறத்தில், தடித்து. அழகம்மா வாளி வைத்தாள். நிறைந்தது. கொட்டிவிட்டு வந்து வைத்தாள், மறுபடி நிறைந்தது. முதலில் தண்ணியாக வந்தது, பிறகு கூழாக வந்தது. சுவரின் களிமண்தான் அது. கல்லைப் பிடித்துக்கொண்டு நின்ற மண் வாளியில் கிடந்தது.

தெரேசா வந்து வாசலில் நின்றாள். மருந்துப் பை கையில். தரையெல்லாம் சேறு, அவள் மெழுகிய இடமெல்லாம். கத்துவாள் என்று இருந்தேன். வந்து கட்டிலில் முழங்கால் ஊன்றி, நான் வெட்டிய இடத்தில் கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டு வரைக்கும் போனது. முழங்கை வரைக்கும் போனது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கல்லு ஆடுதுங்க" என்றாள். "பல்லு மாதிரி ஆடுது."

கையை எடுத்துச் சேலையில் துடைத்தாள். "அழகம்மா, ஒன் வீட்டுல பாய் போடு. இவர இப்பவே தூக்கணும்."

மே 27, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்று வெசாக் பண்டிகை. ஒபிஸில் யாரும் இல்லை, ரெஜினோல்ட் மாவனல்லையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளைகள் எல்லாம் கடைவீதித் தன்சலில் இலவசமாகச் சாப்பிடப் போய்விட்டார்கள், அனோஜாவும். தெரேசா காலையிலேயே லயத்துப் பெண்களைக் கூட்டி, "நான் திட்டுல மண்வெட்டி வைக்கப் போறேன். வேல நிப்பாட்டினா நிப்பாட்டட்டும். வாறவங்க வாங்க" என்று சொன்னாளாம். ஐந்தாறு பேர் போனார்கள். தண்ணியைச் சுவரிலிருந்து விலக்கினால் பிழைத்துவிடும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. எனக்கும்தான்.

நான் அழகம்மாவின் காம்பராவில், அவளுடைய வாய்க்கால் ஓரத்தில் கால் நீட்டிக் கிடந்தேன். நான் எவ்வளவு கேலி செய்திருப்பேன் இந்த வாய்க்காலை. சளசளவென்று ஓடிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்க ஈரம், பூஞ்சணம், ஆனால் நேராக நின்றது. அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம். இடையில் தெரேசாவின் குரல். "மெதுவா, மெதுவா அள்ளு."

பிறகு ஒரு சத்தம். இடி இல்லை. மூட்டையைக் கீழே போட்ட மாதிரி ஒரு சத்தம், நீளமாக. வாய்க்கால் ஒரு நொடி நின்று பிறகு சேறாக வந்தது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. மண்வெட்டியும் இல்லை, குரலும் இல்லை.

தெரேசானு கத்துனேன். பதில் இல்ல. உருண்டு விழுந்தேன். கட்டுக் கால இழுத்துக்கிட்டு, கையால ஊனி, வாய்க்கால் மேலேயே ஊர்ந்து, வாசப்படி தாண்டி இஸ்தோப்புக்கு வந்துட்டேன். எப்படி வந்தேன்னு தெரியாது. கத்திக்கிட்டே இருந்தேன். பொம்பள பேர இப்படிக் கத்துனதில்ல நான்.

லயத்து மூலையைச் சுற்றிக்கொண்டு அவள் வந்தாள். தலையிலிருந்து கால் வரைக்கும் சேறு, கையில் மண்வெட்டி. நான் சேற்றில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "கட்டு நனைஞ்சுருச்சா? டொக்டர் என்னா சொன்னாரு ஒங்ககிட்ட?" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சுவர் உள்பக்கமாகத்தான் விழுந்தது. பின்னால் நின்றவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. கட்டில் இருந்த இடத்தில் இடுப்பளவுக்குக் கல். தலையணை மட்டும் ஓரத்தில் தெரிந்தது, மேலே என் கறுப்புப் பொலித்தீன் சுருண்டு கிடந்தது.

ஜூன் 3, திங்கள்

அழகம்மா வீட்டில்தான் எல்லோரும். ஈரத்துக்கும் நெருக்கத்துக்கும் அனோஜாவுக்கு இரண்டு நாள் இழுத்தது. தெரேசா பழையபடி உட்கார்ந்து முதுகைத் தடவினாள். இந்தத் தடவை நானும் உட்கார்ந்திருந்தேன், படுத்தால் தூங்கிவிடுவேன் என்று.

விழப்போகிறது என்றால் எஸ்டிமேட் வராது. விழுந்துவிட்டது என்றால் மூன்றாம் நாள் தோட்டத்துத் தொரையே வருகிறார். குடையோடு நின்று ஓட்டையைப் பார்த்தார். ரெஜினோல்ட் பின்னால் நின்றார். கல்லுக்கு நடுவில் தாரும் பொலித்தீனும் நன்றாகத் தெரிந்தது. ரெஜினோல்ட் அதைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பொலித்தீனைப் பற்றிப் பேசினால், சுவர் தள்ளுகிறது என்று நான் முன்னமே சொன்னதையும் பேசவேண்டி வரும். அவர் பேசவில்லை. மண்வெட்டி வைத்ததைப் பற்றியும் யாரும் பேசவில்லை. மழையில் விழுந்தது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

தெரேசா அந்தக் கறுப்புப் பொலித்தீனைக் கழுவி மடித்து வைத்திருக்கிறாள்.

ஜூன் 19, புதன்

தெஹியோவிட்டவிலிருந்து மேசன் பாஸ் வந்து சீமெந்துக் கல்லில் சுவர் எழுப்புகிறார். காணையும் தோட்டத்து ஆட்கள் வெட்டிக் கல் பதித்துவிட்டார்கள். என்னை நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்கள், வேடிக்கை பார்க்க.

இவ்வளவு நாளும் அந்த ஓட்டை வழியாகத் திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டிய சிவப்பு மண், அதில் பன்னைச் செடி, மேலே ஒரு துண்டு வானம். காம்பராவுக்குள் பகலில் விளக்கில்லாமல் எழுத்துத் தெரிகிறது. காற்று பின்னால் வந்து முன்னால் போகிறது. இன்றைக்குக் கல் வரிசை ஏற ஏற அது சிறுத்துக்கொண்டே போனது. எனக்கு மூச்சு முட்டியது. சொல்லாமல்தான் இருந்தேன்.

ஆனால் தெரேசா என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். மத்தியானம் காணாமல் போனவள், முன்பு தோட்டத்துக் குழந்தைகளை விட்டுப் போகிற, இப்போது இடித்துப்போட்ட பழைய பிள்ளைக்காம்பராவிலிருந்து ஒரு ஜன்னலைப் பலகையோடு தலையில் சுமந்துகொண்டு வந்தாள். பாஸுக்கு முன்னால் போட்டாள். "பாஸ் உன்னெஹே, மேக்க தியன்ட." இதை வையுங்கள் என்றாள். பிளானில் இல்லை என்றார் பாஸ். கணக்கப்பிள்ளையைக் கேட்கணும் என்றார். இவள் தேத்தண்ணி ஊற்றினாள், வெற்றிலை கொடுத்தாள், பிறகு கல் அடுக்கியிருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வைக்காமல் இறங்க மாட்டேன் என்று சிங்களத்தில் சொன்னாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பாஸ் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

ரெஜினோல்ட் சாயந்தரம் வந்தபோது ஜன்னலைச் சுற்றிச் சாந்து பூசியாகிவிட்டது. யார் சொன்னது என்று கேட்டார். பாஸ் தெரேசாவைக் காட்டினார். தெரேசா தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 14, ஞாயிறு

கட்டுக் கழற்றி நாலு நாள். கால் வெளுத்து, சூம்பி, யாருடையதோ மாதிரி இருக்கிறது. கம்பு ஊன்றி நடக்கிறேன். மலைச்சரிவில் பால் வெட்ட இனி இந்தக் கால் ஆகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆக, தெரேசா வேலை செய்கிற வரைக்கும்தான் இந்தக் காம்பரா. அவள் பேரில்தான் இருக்கிறோம். கேட்டபோது கொஞ்சம் வலித்தது. இப்போது பரவாயில்லை.

காலையில் முதல் தடவையாக வீட்டுக்குப் பின்னால் போனேன். இத்தனை வருசம் குடியிருந்தும் என் வீட்டு முதுகை நான் நின்று பார்த்ததில்லை. காணில் தண்ணி ஓடுகிறது. சுவர் காய்ந்திருந்தது. தெரேசா ஏணியில் ஏறி, ஜன்னலுக்கு மேலே தார் பூசி, அந்தக் கறுப்புப் பொலித்தீனைக் கொசுவிக் கொசுவி ஒட்டினாள். வெளியே. கொசுவம் என்னுடையதைவிட நெருக்கமாக இருந்தது. நான் கீழே தார்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புதுத் தார். எங்கே எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை.

"சட்டி உருளாம பிடிங்கண்ணே" என்று அழகம்மா அவள் வாசலிலிருந்து கத்தினாள். அவள் சுவர் பழைய சுவர்தான். எஸ்டிமேட் எழுதியிருக்கிறார்களாம். அவளுக்கு முதலில் காண் வெட்டணும், பிறகு வெளியே பாவாடை, தெரேசா சொல்லிவிட்டாள்.

சாயந்தரம் மழை பிடித்தது. நல்ல மழை. கட்டில் பழைய இடத்திலேயே இருக்கிறது, கல்லில் நசுங்கிய பலகையை மாற்றியிருக்கிறோம். பக்கத்தில் அனோஜா படிக்கிறாள். எப்போதாவது இருமுகிறாள், அவ்வளவுதான். தண்ணி கொசுவத்தில் வழிந்து, விளிம்பில் தொங்கி, வெளியே காணில் விழுகிறது. மண் வாசம் உள்ளே வருகிறது. தண்ணி வரவில்லை.

"சாரல் அடிக்கப்போவுது, ஜன்னலச் சாத்தவாங்க?" என்று தெரேசா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"அடிச்சாச் சாத்திக்கலாம். இப்பத் தெறந்தே இருக்கட்டும்" என்றேன்.